சுவரில் ஒட்டிய ஐந்து சிவப்பு அட்டைகள்

அன்புள்ள பெரியவளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் உன் தங்கை சில்வண்டும் நன்றாக இருக்கிறோம். நீயும் நன்றாக இருப்பதாகப் போனில் சொன்னாய், ஆனால் குரலில் சளி இருந்ததாக அம்மா சொல்கிறாள், அதனால் நீ நலமா இல்லையா என்று இந்த வீட்டில் இன்னும் தீர்ப்பு வரவில்லை. வெந்நீர் குடி.

போன் இருக்கும்போது அப்பாவுக்கு எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், அவள் முடிப்பதற்குள் உன் விடுதி மணி அடித்துவிடுகிறது. அதுவும் போன ஞாயிற்றுக்கிழமை அவள் அழுதுகொண்டே பாதியை மட்டும் உன்னிடம் சொல்லிவிட்டாள், நீயும் யோசிக்காமல், "நான் நர்ஸ் படிப்பை விட்டுட்டு வந்துடறேன்பா, சின்னவளுக்கு நானே கணக்குச் சொல்லித் தர்றேன்" என்று சொல்லிவிட்டாய். அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். பதில் இதுதான்: வராதே. மீதியைப் பொறுமையாகப் படி. நான் நாலாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப் பிழை இருந்தால் சுற்றி வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பாதே, அந்த வேலையைச் செய்ய இங்கே ஒருத்தி இருக்கிறாள்.

முழுக்கதையை முதலிலிருந்து சொல்கிறேன். நீ ஊருக்குப் போன பிறகு சில்வண்டு ஏழாம் வகுப்புக்கு வந்தாள் அல்லவா, அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளையிடம் ஒரு அட்டை கொடுத்து அனுப்புவார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம். கீழே ஒரு துண்டு இருக்கும், நாம் கையெழுத்துப் போட்டுக் கிழித்து அனுப்ப வேண்டும். முதல் வாரம் சிவப்பு வந்தது. என் வேலை உனக்குத் தெரியும், இருபத்திரண்டு வருடமாகச் சலவைக்கூடத்தில் கிடக்கிறேன். அங்கே ஆஸ்பத்திரி விரிப்புகளில் கறை போகாத மூட்டைக்குப் பச்சை நாடா கட்டி மறுபடி தொட்டிக்கு அனுப்புவோம், சுத்தமாகி, தேய்த்து, குறை சொல்ல ஒன்றுமில்லாமல் வெளியே போகிற மூட்டைக்குத்தான் சிவப்பு நாடா. நான் என்ன நினைப்பேன்? அட்டையில் இருந்த எழுத்தோ எறும்பு வரிசை மாதிரி பொடிப்பொடியாக இருந்தது. என்னம்மா போட்டிருக்கு என்று கேட்டேன். "கையெழுத்துப் போடணும்னு போட்டிருக்குப்பா" என்றாள். பொய் இல்லை, அதுவும் போட்டிருந்தது. நான் பெரிதாக, வால் நீட்டி, அடியில் இரண்டு கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டேன். அட்டையை வரவேற்பறைச் சுவரில், வருகிறவர்கள் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து ஒட்டினேன்.

அடுத்த வாரமும் சிவப்பு. அதற்கடுத்த வாரமும் சிவப்பு. ஐந்து வாரம், ஐந்து சிவப்பு, சுவரில் வரிசையாக. வேலையிடத்தில் போய், என் சின்னவள் ஐந்து சிவப்பு வாங்கிவிட்டாள் என்று சொன்னேன். தேய்ப்பு மேசையில் இருந்த அத்தனை பேரும் கை தட்டினார்கள், அவர்களும் நாடா கட்டுகிறவர்கள்தானே. ஒரு வாரம் நான் நெஞ்சை நிமிர்த்தி நடந்த நடைக்குச் சட்டைப் பொத்தான் இரண்டு தெறித்துவிட்டதாக உன் அம்மா சொல்லுவாள், நம்பாதே, ஒன்றுதான்.

ஆறாவது வாரம் ஒரு சாயங்காலம் கதவைத் தட்டினார்கள். சில்வண்டின் கணக்கு டீச்சர். அந்தப் பள்ளியில் பெற்றோர் வராவிட்டால் அவர்களே வீட்டுக்கு வந்துவிடுவார்கள், அது எனக்குத் தெரியாது. பாராட்ட வந்திருக்கிறார் என்று நினைத்து இருக்கிற நல்ல நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அந்த அம்மா உட்காரவில்லை. சுவரையே பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "அஞ்சு தடவை வரச்சொல்லி எழுதினேன். அஞ்சு தடவையும் கையெழுத்துப் போட்டீங்க, ஒரு தடவைகூட வரலை. இப்ப அதைச் சுவத்துல வேற ஒட்டி வெச்சிருக்கீங்க. என்னைக் கிண்டல் பண்றீங்களா?" என்றார். நான் பெருமையாக, சிவப்பு என்றால் சரக்கு ரெடி அல்லவா டீச்சர் என்று கேட்டேன். அந்த அம்மாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. சலவைக்கூடத்தையும் நாடாவையும் விளக்கிச் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், உன் அம்மாவும் சிரித்தாள், நானும் சிரித்தேன். அப்புறம் திரும்பிப் பார்த்தால் சில்வண்டு மட்டும் கதவு இடுக்கில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

ஏண்டி முதல் வாரமே சொல்லவில்லை என்று அம்மா கத்தினாள். அதற்கு அவள் சொன்னதை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். "அப்பா அவ்வளவு சந்தோஷமா ஒட்டினாரும்மா. சொல்ல மனசு வரலை. அடுத்த வாரம் எப்படியாவது பச்சை வாங்கிடலாம்னு பாத்தேன், வரலை." ஐந்து வாரம் அந்தப் பிள்ளை சிவப்பைப் பார்த்துக்கொண்டே அந்த அறையில் சாப்பிட்டிருக்கிறது, நான் எதிரே உட்கார்ந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

டீச்சர் விஷயத்தைச் சொன்னார். நீ இருந்தவரைக்கும் கணக்கை நீ போட்டுக் காட்டினாய், அவள் பார்த்து எழுதினாள், நீ போனதும் அடியில் ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டது. பின்னக் கணக்கு சுத்தமாக வரவில்லை. பருவக் கடைசித் தேர்வில் தேறாவிட்டால் ஏழாம் வகுப்பை இன்னொரு வருடம் படிக்க வேண்டும். அதற்குப் பத்து வாரம் இருந்தது. உன்மேல் குறை சொல்கிறேன் என்று மூக்கை உறிஞ்சாதே, பாசத்தில் செய்தாய். ஆனால் நீ வந்து மறுபடி போட்டுக் காட்டினால் மறுபடி அதே கதைதான், அதனால்தான் வராதே என்கிறேன்.

பள்ளியில் குடும்ப அறை என்று ஒன்று இருக்கிறது. பழைய சாமான் அறையைக் காலி செய்து, யாரோ கொடுத்த சோபா, கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு ஒரு பாய், ஒரு கெட்டில், ஏழெட்டு மேசை போட்டிருக்கிறார்கள். செவ்வாயும் வியாழனும் நாலு மணியிலிருந்து ஐந்தரை வரை அப்பாவோ அம்மாவோ பிள்ளையோடு வந்து உட்காரலாம். நான் வருகிறேன், ஆனால் எனக்குக் கூட்டலே விரல் விட்டுத்தான் வரும் என்றேன். "அதான் வேணும்" என்றார் டீச்சர். அங்கே சட்டம் என்னவென்றால் பிள்ளைதான் பெற்றோருக்குச் சொல்லித் தர வேண்டும், பெற்றோர் ஏன், எப்படி என்று கேட்கலாம், விடையைச் சொல்லக் கூடாது. விடை தெரியாத அப்பன் அவர்களுக்கு அவ்வளவு வசதி. முதல் தடவையாக என் படிப்புக்கு ஒரு மரியாதை.

நாலு மணிக்கு வர ஷிப்ட் மாற வேண்டும். மேஸ்திரியிடம் கேட்டேன். "இந்த வயசுல படிச்சு மந்திரியாகப் போறியா?" என்றார். ஆகிவிட்டால் உங்களை மறக்க மாட்டேன் என்றேன். முடியாது என்றார். மறுநாளும் கேட்டேன். அதற்கு மறுநாளும் கேட்டேன். நாலாம் நாள், யாரும் செய்யாத கொதிகலன் சுத்தம் செய்கிற வேலையை ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் செய்வதென்றால் செவ்வாயும் வியாழனும் மூன்றரைக்குப் போகலாம் என்று சொன்னார். சரி என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை போனில் கரி பூசின முகத்தோடு ஒருவர் தெரிந்தால் பயப்படாதே, உன் அப்பாதான்.

முதல் நாள் அவள் நோட்டைத் திறக்கவே இல்லை. நாற்காலியோ சின்னப் பிள்ளைகள் உட்காருவது, என் முழங்கால் தாடையை இடித்தது. "உனக்குப் புரியாதுப்பா" என்றாள். அதற்குத்தானே எனக்கு இங்கே நாற்காலி போட்டிருக்கிறார்கள் என்றேன். இரண்டு வாரம் இப்படியே ஓடியது. மூன்றாம் வாரம்தான் ஒரு பெரிய சண்டை வந்தது. நாலில் ஒரு பங்கு பெரிதா, எட்டில் ஒரு பங்கு பெரிதா என்று கேள்வி. அவள் எட்டு என்று எழுதி, அடித்து, நாலு என்று எழுதி, ஏன் என்று கேட்டால் தெரியாது என்றாள். எட்டுதான் பெரிது என்று நான் நிஜமாகவே சொன்னேன், விளையாட்டுக்கு இல்லை. விரிப்பை எட்டாக மடித்தால் கையில் எவ்வளவு கனமாக இருக்கும், நாலாக மடித்தால் மெல்லிசுதானே, இருபத்திரண்டு வருடம் மடித்தவனுக்குத் தெரியாதா? அடுத்த வியாழன் கழித்துப்போட்ட கிழிந்த விரிப்பு ஒன்றை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போய் மடித்தே காட்டினேன். அவளுக்குக் கோபம் வந்ததே பார்க்கணும். "கனத்தைப் பாக்காதேப்பா! தரையில எவ்வளவு எடம் பிடிக்குதுன்னு பாரு!" என்று கத்தினாள். பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள், பாதிப் பேர் என் கட்சி. அவள் கத்தரிக்கோல் வாங்கி விரிப்பை நாலாக வெட்டினாள், அதில் ஒரு துண்டை மறுபடி பாதியாக வெட்டினாள், சின்னத் துண்டு இரண்டையும் ஒரு பெரிய துண்டின் மேல் பக்கம் பக்கமாக விரித்தாள். சரியாகப் பொருந்தியது. என்னைத் திட்ட வாயெடுத்தவள் அப்படியே நின்று அந்தத் துணியைப் பார்த்தாள். அப்புறம் நோட்டை எடுத்து, நான் கேட்காமலே, டீச்சர் கேட்காமலே, வரிசையாக ஆறு கணக்குப் போட்டாள். ஐந்து சரி. நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

போன புதன்கிழமை பெற்றோர் கூட்டம். அங்கே டீச்சர் பேசுவதில்லை, பிள்ளைதான் தலைமை நாற்காலியில் உட்கார்ந்து தன் கோப்பைத் திறந்து காட்ட வேண்டும். அம்மா கிளினிக்கில் தரை துடைக்கிற வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு ஈரக் கையோடு ஓடி வந்தாள். சில்வண்டு தொண்டையைச் செருமிக்கொண்டு, "பின்னம் தேறிட்டேன். விகிதம் இன்னும் தடுமாறுது. மீதி நாலு வாரம் இருக்கு, ஒரு நாளும் லீவு போடாம வருவேன், அப்பாவும் வரணும்" என்றாள். டீச்சரையும் சேர்த்து எங்கள் மூன்று பேரிடமும் கையெழுத்து வாங்கினாள். நடுவில் வந்த சிவப்புகளை நான் சுவரில் ஒட்டவில்லை, இந்த வெள்ளிக்கிழமை வந்த அட்டை மஞ்சள். எங்கள் சலவைக்கூடத்தில் மஞ்சள் நாடாவே கிடையாது, அதனால் இந்தத் தடவை எறும்பு எழுத்து முழுவதையும் விரல் வைத்து எழுத்துக் கூட்டி நானே படித்தேன். முன்னேற்றம் தெரிகிறது, விட்டுவிடாதீர்கள் என்று இருந்தது. சிவப்பை எல்லாம் கிழித்துவிடவா என்று கேட்டேன். "இருக்கட்டும்பா, எங்கேர்ந்து வந்தோம்னு தெரியணும்ல" என்று மஞ்சளைப் பக்கத்தில் ஒட்டினாள். அதற்குப் பக்கத்தில் ஒரு பச்சைக்கு இடம் விட்டிருக்கிறோம். அதற்கும் பக்கத்தில் உன் நர்ஸ் சான்றிதழுக்கு இடம் விட்டிருக்கிறேன், எட்டு மாதம்தான் இருக்கிறது, அந்த இடத்தை வெறும் சுவராக விட்டுவிடாதே. தேறுவாளா என்று கேட்டால் தெரியாது. நாலு வாரமும் நான் அந்தச் சின்ன நாற்காலியில் இருப்பேன், அது மட்டும் தெரியும்.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் போனில் விகிதக் கணக்கை உனக்குச் சொல்லித் தருவாள். நீ வாயைத் திறந்து விடை சொல்லக் கூடாது. ஏன், எப்படி, இவ்வளவுதான் கேட்கலாம். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பது உனக்குக் கஷ்டம்தான், என்னைப் போல் நிஜமாகவே தெரியாதவனாகப் பிறக்க நீ கொடுத்து வைக்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, நடந்து போகிற தெருவில் போனைப் பார்த்துக்கொண்டு நடக்காதே, சளிக்கு மருந்து வாங்கு. அடுத்தவர்களுக்கு ஊசி போடப் படிக்கிறாய், உனக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொள்ளத் தெரியவில்லை. நீ எடுத்த காரியம் கைகூடட்டும், நோய் நொடி அண்டாமல் நன்றாக இரு. ஞாயிறு ஆறு மணி, மறக்காதே.

இதைத் தலையிலிருந்து கால் வரை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன்.

உன் அப்பா