ரம்பத்துக்குப் பின்னால் போன இடது கை

அன்புள்ள மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல மாடி வீட்டு டீச்சர் எழுதுவது. நாங்கள் இரண்டு பேரும் இங்கே சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அதே மாதிரி சுகமாக இருக்க வேண்டும். சுகம் என்று சும்மா வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை, உன் அம்மா விரலில் இருந்த கட்டைப் போன வாரம் அவிழ்த்துவிட்டார்கள், புண் நன்றாக ஆறிவிட்டது, நுனி போனது போனதுதான், அந்த விரலில் இனி நகம் வராதாம். இதை டாக்டர் பக்குவமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது உன் அம்மா விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தையலை இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டிருந்தா இவ்வளவு சுருக்கம் விழுந்திருக்காது" என்று அவரிடமே சொல்லியிருக்கிறாள். கூடப் போன டீச்சர் வந்து சொல்லிச் சிரித்தார். பேத்திக்கு முன்பல் விழுந்த போட்டோவைப் பார்த்தோம், அப்படியே உன் மாமியார் சாயல், இதை அவர்களிடம் சொல்லாதே. மாப்பிள்ளைக்கு இடுப்பு வலி இருக்கிறதென்றாயே, குனிந்து எதையும் தூக்க வேண்டாமென்று சொல், முட்டியை மடக்கி உட்கார்ந்து தூக்கச் சொல், ஆயுசு பூராவும் கிடங்கில் மூட்டை தூக்கினவன் சொல்கிறேன்.

போனில் பேசாமல் இதென்ன புதுசாகக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ பேச ஆரம்பித்தால் நடுவில் ஏறிக்கொள்ள எனக்கு இடம் கிடைப்பதில்லை, கூட்டமான பஸ் மாதிரி. அம்மாவும் பக்கத்திலேயே நிற்பாள். அதனால் உனக்குக் கோபம் வரக்கூடிய சேதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் உட்கார்ந்து படி. ரம்ப மெஷினை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி நீ போன் பண்ணி அனுப்பினாயே தச்சர், அவர் வெறும் வண்டியோடு திரும்பிப் போய்விட்டார். மெஷின் இங்கேதான் இருக்கிறது. நான்தான் இருக்கட்டும் என்றேன். உன் பேச்சை மதிக்காமல் இல்லையம்மா, நடந்ததைக் கேட்டுவிட்டு அப்புறம் திட்டு.

விரல் வெட்டுப்பட்டதை நீ போனில் கேட்டதோடு சரி. அன்றைக்கு அவள் டீச்சருக்குச் செருப்பு அலமாரி செய்துகொண்டிருந்தாள். அவள் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் தைத்த அதே பின்னறைதான், ஜன்னலோரம் தையல் மெஷின், நடுவில் நீ வாங்கிக் கொடுத்த ரம்ப மெஷின். முந்தின நாள் பலகையில் அறுத்துப் பிளக்காமல் மேலாக நீளப் பள்ளம் மட்டும், காடி என்பார்கள், எடுக்க வேண்டியிருந்தது. அதற்காக ரம்பச் சக்கரத்துக்குப் பின்னால் மீன் துடுப்பு மாதிரி ஒரு தகடு நிற்கும் பார், அதையும் மேல் மூடியையும் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தாள். மறுநாள் திரும்பப் போடவில்லை, மறந்துவிட்டாள். அதை அவளே ஒத்துக்கொள்கிறாள். நான் இந்தப் பக்கம் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தேன். மரம் அறுபடுகிற சத்தம் நன்றாகத்தான் வந்தது, திடீரென்று ஒரு கத்தல், அவள் கத்தவில்லை, மெஷின் கத்தியது, பிறகு பலகை பறந்து வந்து அலமாரிக் கதவில் மோதுகிற சத்தம். எழுந்து ஓடினால் அவள் இடது கையை வலது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அழவில்லை, கூப்பாடு போடவில்லை. "ஏங்க, முதல்ல மெயின அணைங்க" என்றாள். பலகை இன்னும் ஒரு சாண் தள்ளிப் பறந்திருந்தால் அவள் வயிற்றில் வாங்கியிருப்பாள், அதை உனக்குப் போனில் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

அதற்குப் பிறகு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். டாக்டர் வயசு என்றார், பக்கத்து வீட்டுக்காரர் நேரம் சரியில்லை என்றார், நீ மெஷின் என்றாய். எனக்குக் கிடங்கு ஞாபகம்தான் வந்தது. அங்கே ஒரு முறை மூட்டை அடுக்கு சரிந்து ஒருத்தன் காலில் விழுந்தது, மேஸ்திரி வந்து கவனமா இருக்கக் கூடாதாடா என்று அவனைத் திட்டிவிட்டு மறுபடி அதே இடத்தில் அடுக்கச் சொன்னார், மழை பிடித்ததும் அதே இடத்தில் இன்னொருத்தன் மேல் சரிந்தது. அப்புறம் தோண்டிப் பார்த்தால் அடியில் சாக்கடை ஓடித் தரை ஒரு பக்கமாக உட்கார்ந்திருக்கிறது. முதலில் அடிபட்டவனிடம் எந்தப் பக்கமாகச் சரிந்தது என்று ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டாமவன் கால் தப்பியிருக்கும். அவன் இப்போதும் நொண்டித்தான் நடக்கிறான்.

உன் அம்மாவிடமும் யாரும் கேட்கவில்லை. டாக்டர் மட்டும் கேட்டார், இடது கை சக்கரத்துக்கு அந்தப் பக்கம் எப்படிம்மா போச்சு என்று. தெரியல என்றாள். பொய் இல்லை, நிஜமாகவே தெரியவில்லை. அதுதான் அவளைத் தின்றது. ரத்தம் கண்டு பயப்படுகிறவளா அவள்? ஊசி விரலில் ஏறினால் பிடுங்கிப் போட்டுவிட்டு அடுத்த சட்டையை எடுப்பவள். அவள் கத்தரிக்கோலைத் தொடுவதை விட்டாள். என் சட்டைப் பொத்தானில் தொங்கிய நூலை அறுக்க என்னையே கூப்பிட்டாள், பால் பாக்கெட்டைக்கூட என்னிடம் நீட்டினாள். எங்கே உட்கார்ந்தாலும் இடது கையை மடியில் வைத்து அதன் மேல் வலது கையை வைத்துக்கொள்வாள், பிடிபட்ட திருடனைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காவல் இருக்கிற மாதிரி. என்னம்மா இப்படி என்று ஒரு நாள் கேட்டேன். "மெஷினுக்குப் பயமில்லைங்க, எனக்குத் தெரியாம என் கை எதுக்கு அங்க போச்சு? நாளைக்கு அடுப்புக்குள்ள போனா?" என்றாள். நீ மெஷினை எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறேன் என்றபோது அவள் சரி என்றாள் இல்லையா, அது சம்மதம் இல்லை. மெஷின் போனாலும் கை அவளோடுதானே இருக்கும்.

அப்புறம்தான் நீ அனுப்பிய தச்சர் வண்டியோடு வந்தார். எந்த வீட்டில் கொடுத்தாலும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார் என்பதால் தெருவில் அவருக்கு அரை டீ என்று பெயர், கூப்பிட்டால் அதற்கும் திரும்பிப் பார்ப்பார், நல்ல மனுஷன். வந்தவர் மெஷினைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அக்கா, இது எப்படி வெட்டுச்சு?" என்றார். தெரியலப்பா என்றாள். "தெரியாம நான் எப்படிக்கா எடுத்துட்டுப் போவேன்? நாளைக்கு இதுக்கு முன்னாடி நிக்கப் போறது நான்தான? எனக்கும் விரல் எண்ணித்தான குடுத்திருக்கு" என்றார். உன் அம்மாவுக்கு முகம் மாறியது. அவர் விடவில்லை, பிளக்கைப் பிடுங்கிச் சக்கரத்தையே கழற்றி ஓரமாக வைத்தார், பிளக்கை என் கையில் கொடுத்து, "அண்ணே, இதான் உங்க வேலை, வீடே இடிஞ்சாலும் விடாதீங்க" என்றார். நானும் ஒயரை மடியில் போட்டுக்கொண்டு பிளக்கைக் கெட்டியாகப் பிடித்தபடி முக்காலியில் உட்கார்ந்தேன். அன்றைக்குச் செய்த மாதிரியே ஒரு பலகையை வைத்துத் தள்ளுங்கக்கா என்றார்.

தள்ளினாள். ஒன்றும் தெரியவில்லை. மறுபடி தள்ளினாள். இரண்டு கையும் பாடப் புத்தகத்தில் போட்ட படம் மாதிரி ஒழுங்காக நின்றன. பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி அவள் கையையே பார்த்துக்கொண்டு தள்ளுகிறாள், அப்புறம் எப்படித் தெரியும்? அரை டீ தலையைச் சொறிந்தார். எனக்கு என்னவோ தோன்றியது, பேச்சுக் கொடுத்துப் பார்ப்போம் என்று, ஆமா, அந்த பேங்க் வாட்ச்மேன் யூனிபார்ம் தைச்சு வாங்கிட்டு கால்சட்டை டைட்டா இருக்குன்னு சண்டை போட்டானே, ஞாபகம் இருக்கா என்றேன். உனக்குத்தான் தெரியுமே, அந்த ஆள் பேச்சை எடுத்தால் உன் அம்மா எங்கே இருக்கிறாள் என்பதையே மறந்துவிடுவாள். "டைட்டா? அளவு எடுக்கும்போது மூச்சை உள்ள இழுத்துக்கிட்டு நின்னவன் அவன்! வயித்த நானா வளத்தேன்? அவன் பொண்டாட்டி வந்து நிக்கிறா, ஒரு இன்ச் சேத்து விட்டிருக்கக் கூடாதான்னு, நான் அவளைக் கேட்டேன்" என்று அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே பலகையைத் தள்ளுகிறாள், பலகையின் முன்முனை சக்கரம் இருந்த இடத்தைத் தாண்டியதும் அவளுடைய இடது கை பலகையை விட்டுச் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த முனையை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்தது.

நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். வாட்ச்மேன் பொண்டாட்டி கதை பாதியில் நின்றுவிட்டது. உன் அம்மா அந்தக் கையை யாரோ ஒருத்தருடைய கையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். அப்புறம் ஜன்னலோரம் தையல் மெஷினைப் பார்த்தாள். "ஐயோ, இது துணி இழுக்கிற கைங்க" என்றாள். ஊசிக்கு முன்னால் வலது கை துணியைக் கொடுக்கும், பின்னால் இடது கை வாங்கி இழுக்கும், இல்லாவிட்டால் வழுக்கல் துணி சுருங்கும். நான் வேலை முடிந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை வருஷம் பார்த்திருப்பேன், எனக்கே அது தோன்றவில்லை. ரம்பத்தில் அது எமன். முன்பக்கம் சக்கரம் பலகையைக் கீழே அமுக்கும், பின்பக்கப் பற்கள் மேலே ஏறி வரும், நடுவில் அந்தத் தகடு இல்லாவிட்டால் பலகையைக் கவ்வி நம்மைப் பார்த்து வீசும், அதைப் பிடித்திருக்கிற கையையும் சேர்த்துத்தான் இழுக்கும். அரை டீ இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உன் அம்மா சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவி, பைத்தியம் பிடிச்சுப் போகலடா, பழக்கத்துல போயிருக்க" என்று விரலைப் பார்த்துச் சொன்னாள். விரல் வெட்டுப்பட்ட நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள். பிளக் இன்னும் என் கையில் இருந்தது, அரை டீ வந்து, "அண்ணே, விடலாம்" என்று சொன்ன பிறகுதான் விட்டேன்.

நீ நினைக்கிறது எனக்குக் கேட்கிறது, காரணம் தெரிந்துவிட்டால் பழக்கம் போய்விடுமா என்று. போகாது. நானும் அதைத்தான் கேட்டேன், இனிமேல் கவனமாக இருக்கிறேன் என்று அவள் சொன்னால் நான் நம்பியிருக்க மாட்டேன், வாட்ச்மேன் கதை வந்தால் கவனம் போய்விடும். அரை டீ அதற்கு வழி செய்தார். மெஷினுக்குப் பின்னால் ஒரு நீளமான பலகை மேசை அடித்துக் கொடுத்திருக்கிறார், அறுபட்ட கட்டை தானாக அதன் மேல் போய்ப் படுத்துக்கொள்ளும், யாரும் இழுத்து வாங்க வேண்டியதில்லை. தள்ளுவதற்கு இரண்டு கைக்கும் இரண்டு கட்டை, இடது கையில் கட்டை இருந்தால் அந்த விரல்கள் எதையும் கிள்ளிப் பிடிக்க முடியாது. பின் தகட்டைக் கழற்ற வேண்டி வந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தகட்டைச் சுவரில் பிளக் செருகுகிற ஓட்டை மேலேயே தொங்கவிட வேண்டும், தகட்டை எடுக்காமல் பிளக்கைச் செருக முடியாது. தொளதொள கை வைத்த சட்டை கிடையாது, ரேடியோவும் கிடையாது, இது எனக்கு. அப்புறம் அவர், "மெஷின் மேல தப்பு இல்லக்கா, நான் எதுக்கு இதை எடுத்துட்டுப் போகணும், உங்க பொண்ணு என்னைத் திட்டினா அண்ணன் பாத்துக்குவார்" என்று என் தலையில் போட்டுவிட்டு வண்டியை உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

கட்டு அவிழ்த்த பிறகு இரண்டு நாள் அவள் மெஷினைத் துடைத்தாள், அவ்வளவுதான். முந்தாநாள் சாயங்காலம் அந்த அறைக்குள் போய், "நீங்க வெளிய நில்லுங்க, உங்க மூஞ்சியப் பாத்தா எனக்கு வேலை ஓடாது" என்று கதவைப் பாதி சாத்தினாள். நானும் டீச்சரும் நடையில் நின்றோம். மெஷின் ஓடியது, வெறுமனே ஓடியது, நின்றுவிட்டது. சத்தமே இல்லை. நான் காலை எடுத்து வைத்தேன், டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். (இந்த இடத்தில் டீச்சர் எழுதாமல் நிறுத்தி, நானும்தான் பயந்தேன் என்று சேர்க்க வேண்டும் என்கிறார், சேர்த்தாயிற்று.) மறுபடி ஓடியது. மரம் அறுபடுகிற சத்தம், சீராக, ஒரே சுருதியில், கட்டை பின்மேசையில் விழுகிற சத்தம், சக்கரம் சுற்றிச் சுற்றி அடங்கியது. உள்ளேயிருந்து, "ஏங்க, டேப்பை எங்க கொண்டுபோய் வச்சீங்க? எடுத்தா எடுத்த இடத்துல வைக்கிற பழக்கமே இல்லையா உங்களுக்கு?" என்று ஒரு சத்தம். மகளே, கல்யாணம் ஆனதிலிருந்து அவளிடம் திட்டு வாங்குகிறேன், அன்றைக்கு வாங்கினது மாதிரி இனிப்பாக ஒன்று வாங்கியதில்லை.

இப்போது அவள் உனக்குத்தான் பயப்படுகிறாள். அவ ஆசையா வாங்கிக் கொடுத்துட்டு அழுதாளே, மறுபடி தொட்டேன்னு தெரிஞ்சா என்ன சொல்வாளோ என்று. காலால் மிதிக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லித் தையலை நிறுத்தினபோது அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுத்தானே நீ அதை வாங்கினாய்? நான் வாங்கிக் கொடுத்த பொருள் என் அம்மா கையை வெட்டிவிட்டதென்று மாப்பிள்ளையிடம் சொல்லி அழுதாயாமே, அவர் என்னிடம் சொன்னார். அப்படி நினைக்காதே. நீ பள்ளிக்கூடம் போட்டுக்கொண்டு போன சட்டையெல்லாம் தைத்த கை அது, அதற்கு மரம் புதுசு, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணும்போது விரல் எப்படி இருக்கு என்று ஆரம்பிக்காதே, இன்னைக்கு என்னம்மா அறுத்தே என்று கேள். மீதியை அவளே சொல்லிக்கொள்வாள், உனக்குத்தான் போனை வைக்க இடம் கிடைக்காது.

எல்லோரும் நோய்நொடி இல்லாமல், வயிறும் மனசும் நிறைந்து நீண்ட நாள் இருங்கள். பேத்திக்கு என் முத்தம், ஆடுகிற பல்லை நூல் கட்டி இழுக்க வேண்டாம், தானாக விழட்டும். ஞாயிற்றுக்கிழமை கேட்க வேண்டியதை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
கையெழுத்துத் தெரியாத, ஆனால் உன் அம்மாவின் கை தெரிந்த,
உன் அப்பா