மீட்க ஆள் வராத பெயர்ப்பலகை

அன்பு மகள் முவாபாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அடுப்பில் களியும் உடம்பில் தெம்பும் குறையாமல் நானும் உன் அப்பாவும் நலமாக இருக்கிறோம், அங்கே காபரோனியில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஞாயிறு தவறாமல் சர்ச்சில் கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ 'சரிம்மா, சரிம்மா' என்றே என் வாயை அடைத்துவிடுகிறாய், சொல்ல வந்ததில் பாதி தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. கருவாட்டு லாரிக்காரர் எல்லை தாண்டி வருகிறாராம், அவர் கையில் இதையும் ஒரு பை சிறுமீன் கருவாட்டையும் கொடுத்தனுப்புகிறேன். வந்ததும் ஒருநாள் வெயில் காட்டி எடுத்து வை, போன தடவை மாதிரி பூச்சி விழுந்துவிட்டது என்று என்னிடம் சொல்லாதே.

உன் தங்கை லுபூட்டோ நேற்று லுசாகா பஸ் ஏறிவிட்டாள். ஏரிக்கரைக் கல்லூரியை மூடப் போகிறார்கள் என்று போன மாதம் உன்னிடம் சொன்னேன் அல்லவா, மூடியே விட்டார்கள். மேலே படிக்கிறவர்கள் தலைநகரம் லுசாகாவுக்கு வந்து படிக்கலாம், வர முடியாதவர்கள் அவரவர் பாட்டைப் பார்த்துக்கொள்ளலாம் என்று வாசலில் ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள். மார்க்கெட்டில் என் பக்கத்துக் கடைக்காரி மகள் வரமுடியாதவர்களில் ஒருத்தி, கைக்குழந்தைக்காரி, பாதிப் படிப்போடு இப்போது அம்மாவோடு உட்கார்ந்து மீன் கூறு போடுகிறாள். நல்ல மூளை. அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை, தக்காளியைப் பார்ப்பது போலக் குனிந்துகொள்கிறேன்.

எப்படி மூடிற்று என்று கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பிள்ளைகள் போதவில்லையாம். எப்படிப் போதும்? இந்தக் கல்லூரி வேண்டும் என்று தலைநகரத்துக்கும் ஊருக்கும் நடையாய் நடந்தாரே சர்ச் மூப்பர் சம்பேஷி, திறப்பு விழாவில் கண்ணீர் விட்டாரே, அவர் தன் இரண்டு மகன்களையும் எங்கே சேர்த்தார் தெரியுமா, லுசாகாவில். கேட்டதற்கு 'இங்க இருக்கறது ஏழை பாழைங்களுக்கும்மா, நம்ம பசங்க நாலு இடம் பாக்க வேண்டாமா' என்றார். அவரைப் பார்த்து ஆஸ்பத்திரிக்காரர், அவரைப் பார்த்துப் பள்ளித் தலைமையாசிரியர். கல்லூரி கேட்டுக் கையெழுத்துப் போட்ட கை எல்லாம் பிள்ளையின் பெட்டியைத் தூக்கி லுசாகா பஸ்ஸில் வைத்தது. மிச்சம் இருந்தவர்கள் நம் லுபூட்டோ மாதிரி கொஞ்சம் பேர். வாத்தியார்களும் லுசாகாவிலிருந்து வந்து, பெட்டியைப் பிரிக்காமலேயே உட்கார்ந்திருந்து திரும்பிப் போகிறவர்கள். கணக்குக்குக் கடைசிவரை ஆளே வரவில்லை, லுபூட்டோ யாரிடமும் கேட்க வழியில்லாமல் தானே புத்தகத்தோடு மல்லுக்கட்டினாள். நான் பின்பக்கம் கட்டினேனே வாடகைக்கு இரண்டு அறை, மாணவிகள் வருவார்கள் என்று, அதில் இப்போது மரவள்ளி காய்கிறது.

மூடிய அன்று நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். பிள்ளைகள் விளையாட்டாகக் கல்லூரி வாசலில் சாவு வீட்டு நெருப்பு மூட்டினார்கள், பெண்கள் நாங்கள் இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டு போய்த் தரையில் உட்கார்ந்தோம், ஆரம்பித்தது விளையாட்டு, உட்கார்ந்த பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அப்போது மழைக் குலத்தார் வந்தார்கள். காளான் குலத்தாரான நமக்கு அவர்கள் கேலி முறை என்பதையாவது உன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாயா? நம் வீட்டுச் சாவில் அவர்கள் வாய்க்கு வந்தபடி பேசலாம், நாம் கோபிக்கக் கூடாது, கையில் அகப்பட்ட பொருளை எடுத்துக்கொண்டு போகலாம், இறந்தவரின் சொந்தம் கோழி கொடுத்து மீட்க வேண்டும், ஆனால் குழி வெட்டுவதும் தூக்கிச் சுமப்பதும் அவர்கள்தான். கல்லூரிக்கு நிலம் கொடுத்தது நம் குலம், அதனால் சாவும் நம்முடையது என்று வந்துவிட்டார்கள். சைக்கிள் கடை கலாபாதான் முன்னால். நேரே உள்ளே போய் வாத்தியார் மேஜை மேல் மல்லாந்து படுத்துக்கொண்டு 'நாந்தாண்டி உங்க காலேஜு, செத்துப்போய்ட்டேன், அழுங்களேன்டி காளானுங்களா' என்றார். 'நாங்க பெஞ்சாதானே நீங்க மொளைப்பீங்க, எங்களைக் கேக்காம காலேஜு மொளைக்க வெச்சீங்களே, அதான் அழுகிப்போச்சு' என்று இன்னொருவர். கலாபா தலையை மட்டும் தூக்கி என்னைப் பார்த்து 'பனா முவாபா, கணக்கு வாத்தியாரம்மாவைப் பெத்து பக்கத்து நாட்டுக்குத் தானம் குடுத்தியே, அவ வந்திருந்தா இந்தப் பொணம் எழுந்து உக்காந்திருக்குமே' என்றார். எல்லாரும் சிரித்தார்கள், முறைப்படி நானும் சிரித்தேன்.

முவாபா, நான் உன்னைக் குறை சொல்லவில்லை. கொஞ்சம் சொல்கிறேன், அம்மாவாயிற்றே. கல்லூரி திறந்த வருஷம் அவர்கள் உன்னைக் கூப்பிட்டார்கள், நீ வரவில்லை, வந்திருந்தால் அந்த வாத்தியார்களுக்கு வந்த மாதிரி உனக்கும் சம்பளம் ஒரு மாதம் வந்து மூன்று மாதம் வராமல் இருந்திருக்கும், பிள்ளைகளை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய். எல்லாம் தெரிகிறது. ஆனாலும் என் ஒரு மகள் கணக்கு தெரியாமல் திண்டாட, இன்னொரு மகள் அதே கணக்கை யார் வீட்டுப் பிள்ளைகளுக்கோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

கலாபா போகும்போது கல்லூரிப் பெயர்ப்பலகையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்த் தன் ஆட்டுக் கொட்டிலில் மாட்டிவிட்டார். 'ஆடுங்களாவது பட்டம் வாங்கட்டும், வேணும்னா கோழியோட வாங்க' என்றார். யாரும் போகவில்லை. சம்பேஷி அந்தத் தெருப் பக்கமே நடப்பதில்லை. தன் வீட்டுச் சாவு என்று யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. வெயிலிலும் மழையிலும் அந்தப் பலகை கொட்டிலிலேயே தொங்கியது, ஆடுகள் ஓரத்தைக் கடித்துவிட்டன.

லுபூட்டோ போகமாட்டேன் என்றுதான் முதலில் நின்றாள். 'அக்கா போனா, வந்தாளா? நானும் போய்ட்டா உன்னையும் அப்பாவையும் யாரும்மா பாப்பா, நான் செல்போன் கடையில வேலை பாத்துக்கறேன்' என்றாள். உன் அப்பா எழுந்து ஏரிப் பக்கம் போய்விட்டார், உனக்குத்தான் அவரைத் தெரியுமே. நான்தான் அவளைத் திட்டினேன், படிக்கப் பிறந்தவள் சார்ஜர் விற்கிறாளாம் என்று கத்தினேன். கத்தும்போதே இவள் நான் சொல்வதைக் கேட்காமல் இருந்தால் என்ன என்று உள்ளே ஒரு ஆசை. கேட்டுவிட்டாள். பெட்டி கட்டினாள்.

நேற்று விடிந்ததும் கலாபா வந்து நின்றார், சொல்லி அனுப்பவே இல்லை. பெட்டியைச் சைக்கிளில் வைத்துக் கட்டினார், மழையில் சேறாகக் கிடந்த வழியெல்லாம் தள்ளிக்கொண்டு வந்தார், பஸ் மேலே ஏறித் தானே கயிறு போட்டார். ஏதாவது சொல்வார், நான் ஏதாவது திருப்பிச் சொல்லலாம் என்று வழியெல்லாம் காத்திருந்தேன். அந்த மனிதர் ஒரு கேலி பேசவில்லை. பஸ் திரும்பும்போது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

வீட்டுக்கு வந்து வெள்ளைக் கோழியைப் பிடித்துக்கொண்டு நேராக அவர் கொட்டிலுக்குப் போனேன். பலகையைக் கழற்றித் துடைத்துக் கொடுத்தார். கோழியை மறுக்காமல் வாங்கிக்கொண்டார், முறை அதுதானே. பலகை இப்போது பின்பக்க அறையில், மரவள்ளிக்குப் பக்கத்தில், சுவரோரம் நிற்கிறது. உன் அப்பா பார்த்துவிட்டு 'அதை எதுக்கு இங்க கொண்டாந்தே' என்றார். செத்தது நம் வீட்டில் என்றேன்.

தங்கைக்கு வாரம் ஒரு தரமாவது போன் செய். கணக்கில் சந்தேகம் கேட்டால் 'அப்புறம்' என்று சொல்லாமல் அப்போதே சொல்லிக்கொடு. தலைநகரத்தில் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல், சர்ச்சுக்குப் போகச் சொல். படிப்பு முடிந்ததும் ஊருக்குத் திரும்பி வா என்றும் அவளிடம் உன்னைச் சொல்லச் சொல்லலாம் என்றுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். அதை உன்னால் சொல்ல முடியாது என்று எழுதும்போதுதான் தெரிகிறது. விடு, அதை நானே சொல்லிக்கொள்கிறேன்.

கடவுள் உன்னையும் உன் வாசலையும் காக்கட்டும், நீ கால் வைத்த இடத்தில் உனக்கு நிழல் இருக்கட்டும், பேரப்பிள்ளைகள் நம் பேச்சை மறக்காமல் வளரட்டும். கருவாட்டை வெயிலில் காட்ட மறக்காதே. மூத்த பிள்ளை பெயரால்தானே தாயைக் கூப்பிடுவார்கள், மார்க்கெட்டில் காலை முதல் சாயங்காலம் வரை உன் பெயர் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நான்தான் திரும்பிப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
பனா முவாபா