கேமரன் என்ற பெயர்

ஃபோர்ட் வில்லியம், ஸ்காட்லாந்து
3 ஜூன் 1968

எஃபிக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. நாம் பிரிந்து ஆறு வருடமாகிறது. இன்னும் உன் தேநீர்க்கடைப் பலகையில் என் குடும்பப் பெயர் தொங்குகிறது. ஆகஸ்டில் கனடாவிலிருந்து எங்கள் குலத்தார் வருகிறார்கள். குலச் சங்கத்தின் தலைவன் நான். ரயிலை விட்டு இறங்கியதும் அவர்கள் கண்ணில் படுவது 'கேமரன் தேநீர்க்கடை'யும் அதன் வாசலில் மாவுக் கையோடு நிற்கும் நீயும் என்றால், என் மரியாதை என்னாவது?

வாளெடுத்த மலைநாட்டுத் தலைவர்கள் சுமந்த பெயர் அது. ஸ்கை தீவில் மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்த வீட்டுப் பெண் ரொட்டி விற்பதற்காக ஏற்பட்டதல்ல. மெக்அஸ்கில் என்று உன் அப்பா பெயரைப் போட்டுக்கொள்.

லாக்லன் கேமரன்

---

11 ஜூன் 1968

லாக்லனுக்கு,

கடிதம் கிடைத்தது. பிழையில்லாமல் இருக்கிறது, புது மனைவி திருத்திக் கொடுத்தாளோ?

குலத் தலைவனே, கேமரன் என்ற பெயருக்கு என்ன அர்த்தம் என்று தெரியுமா? தெரிய வழியில்லை. நான் எங்கள் தீவின் கேலிக் மொழியில் வாய் திறந்தாலே, "மாட்டுக்கொட்டகைப் பேச்செல்லாம் என் வீட்டுல வேண்டாம்" என்பாய். அந்தக் கொட்டகைப் பேச்சில் 'காம்' என்றால் கோணல், 'ஸ்ரோன்' என்றால் மூக்கு; இரண்டும் சேர்ந்ததுதான் கேமரன். உன் முன்னோர் எவருக்கோ மூக்கு வளைந்திருந்ததாம். ஊரார் சிரித்து வைத்த பட்டப்பெயர், அவ்வளவுதான்.

உன் வீட்டில் எல்லோருக்கும் மூக்கு நேர். எனக்குத்தான் கோணல். பனியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று டாக்டரிடம் சொன்னாய். அன்று வாசலில் பனியே இல்லை. சமையலறையில் உன் முஷ்டி இருந்தது. ஆகவே அந்தப் பெயர் உன்னைவிட எனக்குத்தான் பொருந்தும். பலகை இறங்காது.

எஃபி கேமரன்

---

20 ஜூலை 1968

அன்புள்ள எஃபி,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பழைய விஷயங்களை எழுத்தில் வைப்பது நம் இருவருக்குமே அழகல்ல. உன் கடிதத்தை எரித்துவிட்டேன். பலகை அப்படியே இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. விருந்தாளிகள் இருக்கும் வாரம் மட்டும் கடையைப் பூட்டிவிட்டு உன் அக்கா வீட்டுக்குப் போய் வாயேன். ரயில், படகு எல்லாம் நான் ஏற்பாடு செய்கிறேன். சொன்னால் கேட்பாய் அல்லவா?

உன் நலம் விரும்பும்
லாக்லன்

---

19 ஆகஸ்ட் 1968

லாக்லனுக்கு,

உன் 'அன்புள்ள'வைப் படித்துச் சிரித்தேன். அந்த வார்த்தை உனக்குத் தெரியும் என்பதே எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

நான் எங்கும் போகவில்லை. சனிக்கிழமை உன் கனடாக்காரர்கள் தேநீர் குடிக்க வந்தார்கள். கேப் பிரெட்டன் தீவிலிருந்து வந்த செஸிலியா என்ற கிழவியும் அவர்களில் ஒருத்தி. அவளும் கேமரன்தான். என்னோடு கேலிக்கில் பேசினாள். பெயரின் அர்த்தம் அவளுக்குத் தெரிந்திருந்தது; தன் மூக்கைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"யாரும்மா இப்படிப் பண்ணினது?"

சொன்னேன். இத்தனை வருடத்தில் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இன்னிக்கு விருந்துல அவன் பக்கத்துலதான் எனக்கு இடம் போட்டிருக்காங்க," என்றாள்.

விருந்தில் அவள் என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. எனக்கு ரொட்டி வேலை இருந்தது. அவள் பேசியது உனக்குத்தான் தெரியும்.

நேற்று பலகையை நானே இறக்கினேன். உனக்குப் பயந்து அல்ல. உன்னிடமிருந்து கிடைத்ததில் மூக்கைக் கழற்ற முடியாது, பெயரைக் கழற்றலாம். அது பின்பக்கம் விறகோடு கிடக்கிறது. வேண்டுமென்றால் ஆள் அனுப்பு. நீ வராதே.

எஃபி மெக்அஸ்கில்