மெயின் சுவிட்சுக்குக் குறுக்கே

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முட்டிவலி குறைந்ததா? அம்மா மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன், நம்புங்கள்.

நேற்று கடையில் ஒரு சின்னக் கூத்து. பழுதுக்கு வந்த கம்ப்யூட்டர் ஒன்றுக்கு பயாஸ் அப்டேட் போட்டுக்கொண்டிருந்தேன். பெட்டிக்கு உயிர் வருவதே அந்த மென்பொருளால்தான். அதை மாற்றும்போது பாதியில் கரண்ட் போனால் மதர்போர்டு செத்துவிடும். கடையின் யூபிஎஸ் பேட்டரியோ எப்போதோ மண்டையைப் போட்டுவிட்டது. கடை சாத்தும் நேரம், வழக்கம்போல் மெயின் சுவிட்சை அணைக்க முதலாளி வந்தார். குறுக்கே போய் நின்றேன்.

"தள்ளும்மா, பூட்டணும்."

"முடியாது சார். இது முடியட்டும்."

"நாளைக்கு வேலைக்கு வர்ற எண்ணம் இருக்கா இல்லையா?"

"அதை நாளைக்குப் பேசிக்கலாம். இப்ப கையை எடுங்க."

முணுமுணுத்தபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் மறுபடி ஆன் ஆகித் திரையில் வெளிச்சம் வந்த பிறகுதான் நகர்ந்தேன். இன்று காலை அவருக்கு முன்பே வந்து வாசலில் நின்று, அவர் கதவைத் திறந்ததும் என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

என் ஸ்க்ரூடிரைவர் செட்டை அனுப்பி வையுங்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் என் கணக்கை அழித்துவிடாதீர்கள். ஆன் செய்யும்போதெல்லாம் என் பெயர் வரட்டும்.

"கத்துக்கிட்டது போதும், வந்துடு" என்று எழுதியிருந்தீர்கள். வர மாட்டேன் அப்பா. இப்போதுதான் தொழில் கைக்கு வந்திருக்கிறது. பாதியில் நிறுத்த முதலாளியையே விடவில்லை, உங்களை விடுவேனா?

இதோ, கடை சாத்தப்போகிறார். சுவிட்சில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்கிறார்:

"அணைக்கலாமாம்மா?"

உங்கள் மகள்