அம்மா ஏறாத வண்டி

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று முதல் வரியை எழுதி, பிறகு அடித்துவிட்டேன். நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன், அதில் பொய் இல்லை. மருமகளின் இருமல் நின்றுவிட்டதாக உன் தங்கை சொன்னாள், சந்தோஷம். ஆனால் இங்கே ஒன்று சரியில்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ பேசுவாய், நான் "சரிப்பா, சரிப்பா" என்பேன், வைத்த பிறகுதான் சொல்ல வந்தது ஞாபகம் வரும். ஏற்கெனவே மூன்று தாள்களைக் கிழித்தாயிற்று. முதல் தாளில் கோபம் மிஞ்சிப் போயிற்று, இரண்டாவதில் போதவில்லை, மூன்றாவதில் உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருந்தேன். எதற்கு என்று எனக்கே விளங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மாலை உன் தங்கை உன்னைக் கூப்பிட்டு, அம்மாவால் நீ வாங்கித் தந்த அந்த உயரமான வண்டியில் ஏற முடியவில்லை அண்ணா என்று சொன்னாள் அல்லவா? நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "அதெல்லாம் பழகிடும். தினம் ரெண்டு தடவ ஏறி இறங்கச் சொல்லு, எக்சர்சைஸ் ஆன மாதிரியும் இருக்கும்" என்றாய். அவள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலில் மருந்து தடவிக்கொண்டிருந்தாள். "அவன் சொல்றதும் சரிதான்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் எழுந்து போய்த் தண்ணீர்தான் குடித்தேன்.

அன்று காலையில் நடந்ததை உனக்கு யாரும் முழுதாகச் சொல்லவில்லை. உன் பெரியம்மா இடுப்பெலும்பு முறிந்து படுத்து மூன்று மாதம் ஆகிறது. இங்கிருந்து இரண்டரை மணி நேரப் பாதை. அம்மா ஒரு தடவைகூடப் போகவில்லை. போனில் பேசிவிட்டேன், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தாள். சனிக்கிழமை பெரியம்மா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, என் தங்கச்சிக்கு எம்மேல என்ன கோபம்? கோபம்னா நேர்ல வந்து திட்டட்டும். நான் என்ன எழுந்து ஓடிடவா போறேன்?" என்று சிரித்தார். சிரித்து முடிக்கும் முன்பே குரல் உடைந்துவிட்டது. அதை அம்மாவிடம் சொன்னேன். மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் தலை வாரி, அக்காவுக்குப் பிடித்த போர்வையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

அந்த வண்டியின் படி தரையிலிருந்து ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர். நீ கீழே பூட்டிக் கொடுத்துவிட்டுப் போன இரும்புப் பலகை நாலு விரல் அகலம்தான், அதில் பாதம் நிற்காது, விரல்தான் நிற்கும். மாப்பிள்ளை கீழே ஒரு முக்காலியைப் போட்டுப் பிடித்துக்கொண்டார். நான் உள்ளே ஏறி அவள் கையைப் பிடித்து இழுத்தேன். எதிர்வீட்டு அம்மா நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார், "இதுல ஏறிப் பாருங்க, இது ஆடாது." "அத்தை, எடையை எம்மேல போடுங்க" என்கிறார் மாப்பிள்ளை. "அப்பா, இழுக்காதீங்க, தோள்பட்டை போயிடும்" என்று உன் தங்கை கத்துகிறாள். நடுவில் முக்காலி நழுவியது. ஒரு முழங்கால் வண்டிக்குள், ஒரு கால் அந்தரத்தில், உன் அம்மா தவழும் குழந்தையைப் போலப் பாதியில் நின்றாள். முழங்கால் கதவு விளிம்பில் இடித்து ரத்தம் வந்தது. தெருவே பார்த்தது. "விடுங்க எல்லாரும். நான் என்ன மூட்டையா, ஆளாளுக்குத் தூக்க?" என்றாள். கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். இறங்கி உள்ளே போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்தாள்.

வாடகைக் கார் கூப்பிடுகிறேன் என்றேன். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் சொன்னாள்: "புள்ள வாங்கிக் குடுத்த வண்டி வாசல்ல நிக்குது, நான் வாடகைக் கார்ல போய் இறங்கணுமா? எங்க அக்கா வீட்ல என்ன கேப்பாங்க? அவன் காதுக்குப் போனா அவன் மனசு என்ன பாடுபடும்?" உன் மனசு பாடுபடக் கூடாது என்பதற்காக அவள் தன் அக்காவைப் பார்க்காமல் இருக்கிறாள். உன் மனசோ எக்சர்சைஸ் சொல்லிக் கொடுக்கிறது.

உன்மேல் மட்டும் கோபம் என்று நினைக்காதே. மறுநாள் நான் வண்டி நோட்டை எடுத்துப் பார்த்தேன். வண்டி வந்த நாளிலிருந்து தேதி, போன இடம், ஓடிய தூரம், போனவர்கள், குறிப்பு என்று கட்டம் போட்டு எழுதி வருகிறேன், உனக்குத் தெரியும். டயரில் காற்று, பேட்டரித் தண்ணீர், எண்ணெய் மாற்றிய நாள், எலி கடித்த ஒயர், எல்லாம் அதில் இருக்கிறது. சும்மா நின்றால் பேட்டரி இறங்கிவிடும் என்று வாரம் ஒரு தடவை பத்து நிமிடம் ஓட விட்டு அதையும் எழுதியிருக்கிறேன். 'போனவர்கள்' கட்டத்தில் முதல் மாதம் அம்மா நான்கு முறை. இரண்டாம் மாதம் ஒரு முறை. அதன் பிறகு ஐந்து மாதமாக அவள் இல்லவே இல்லை. குறிப்பில் என் கையெழுத்திலேயே, தலைவலி, தையல் வேலை, வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், தலைவலி. முப்பத்தோரு வருடம் வானிலை நிலையத்தில் மழையையும் வெயிலையும் அளந்து எழுதியவன் நான். அளவை எழுதி அனுப்புவது என் வேலை, புயல் வருமா என்று சொல்வது மேலே இருப்பவர்கள் வேலை. வீட்டிலும் அப்படியே இருந்துவிட்டேன். ஐந்து மாதம் ஒரு மனுஷி வாசல் தாண்டவில்லை என்று அழகாகக் கட்டம் போட்டு எழுதியிருக்கிறேன், என்ன என்று கேட்கவில்லை.

ஆனால் வாங்குவதற்கு முன்னால் நான் கேட்டேன், சொல்லவும் செய்தேன். அதை விடமாட்டேன். இரண்டு பக்கம் எழுதி உன் கையில் கொடுத்தேன். உன் தங்கையின் பிள்ளைகளையும் சேர்த்து வீட்டில் ஆறு பேர். சந்து குறுகல், கதவை வெளிப்பக்கம் திறந்தால் சுவரில் இடிக்கும், அதனால் பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவு நல்லது. அம்மாவின் கால் முப்பத்தாறு சென்டிமீட்டருக்கு மேல் வலியில்லாமல் எழாது, படிக்கட்டில் நிற்க வைத்து அளந்தது. ஆகவே தரை தாழ்ந்த வேன் போதும். நீ என்ன சொன்னாய்? "அப்பா, அது ஸ்கூல் வேன் மாதிரி இருக்கு, பாக்கறவங்க சிரிப்பாங்க" என்றாய். ஷோரூம்காரர் "இதுல உக்காந்தா ராஜா மாதிரி இருக்கும் சார்" என்றதும் முடித்துவிட்டாய். நம் ஊர்ப் பாதையில் மலையா ஏறப் போகிறோம்? வண்டி வந்த அன்று அம்மா மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்து, "யானைகூட ஏறுறவங்களுக்கு மண்டி போட்டுக் குடுக்கும், இது குடுக்காது போலிருக்கே" என்றாள். எல்லோரும் சிரித்தோம், நீதான் அதிகம் சிரித்தாய். ஒன்பது நாள் ஓட்டினாய், படம் எடுத்தாய், போய்விட்டாய்.

அந்த இரண்டு பக்கம் எங்கே போயிற்று தெரியுமா? செவ்வாய்க்கிழமை ஏசி ஃபில்டர் மாற்ற மெக்கானிக்கிடம் போனேன். அதற்கு முன் இருக்கைக்கு எதிரே காகிதம் வைக்கும் பெட்டியைக் கழற்ற வேண்டுமாம். கழற்றியதும் இடுக்கிலிருந்து ஒரு காகிதத்தை உருவினார். எட்டாக மடித்திருந்தது. பெட்டிக் கதவு கடகடவென்று ஆடுகிறது என்று நீ ஏதோ அடைத்தாயே, அது என் காகிதம். மெக்கானிக் பிரித்துப் படித்துவிட்டு, "ஐயா, இது உங்க கையெழுத்தா? இதப் படிச்சவங்க இந்த வண்டிய வாங்கியிருக்க மாட்டாங்களே" என்றார். படிக்கவில்லை என்று சொல்லாமல் காகிதத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். எடுத்ததிலிருந்து கதவு மறுபடி கடகடக்கிறது. என் எழுத்து அந்த ஒரு வேலையையாவது ஒழுங்காகச் செய்திருக்கிறது.

அவருடைய பட்டறையிலேயே ஒரு வேன் நிற்கிறது, ஊர் மாறிப் போன குடும்பம் ஒன்று அவரிடம் விற்றுவிட்டுப் போனது. பழையதுதான், நிறமும் எனக்குப் பிடிக்கவில்லை. படி முப்பத்து நான்கு சென்டிமீட்டர். நான் பதினொரு முறை ஏறி இறங்கிப் பார்த்தேன். "எல்லாரும் என்ஜினைத் தொறந்து பாப்பாங்க, நீங்க படியையே பாக்கறீங்களே ஐயா" என்று சிரித்தார். என்ஜினையும் பார்க்கச் சொன்னேன், நன்றாக இருக்கிறது. பக்கக் கதவின் உருளை ஒன்று தேய்ந்திருக்கிறது, மாற்றித் தருவார். கதவு ஓடும் தடத்தில் மண் சேராமல் வாரம் ஒரு முறை துடைத்தால் போதுமாம், அது என் பொறுப்பு. நம் உயரமான வண்டியை எடுத்துக்கொண்டு இதையும் மீதிப் பணத்தையும் கொடுக்கிறேன் என்கிறார், மாதக் கடைசி வரை வேறு யாருக்கும் தரமாட்டார். வண்டி உன் பெயரில் இருப்பதால் மாற்றும் காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் சம்மதம் கேட்டு எழுதவில்லை, கையெழுத்துக் கேட்டு எழுதுகிறேன்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். இந்தக் கடிதம் அம்மாவுக்குத் தெரியாது. நான் போய் வண்டியை மாற்றலாம் என்றால் சம்மதிக்க மாட்டாள், மகன் ஆசையாக வாங்கியது என்பாள். ஆகவே நீயே கூப்பிட்டு, அந்த வண்டி சரியில்லை, தெரியாமல் வாங்கிவிட்டேன், மாற்றிவிடுங்கள் என்று உன் வாயால் சொல்ல வேண்டும். எனக்காக வருத்தப்பட வேண்டாம். எக்சர்சைஸ் என்று சொன்னதற்கு மட்டும் அவளிடம் வருத்தப்படு.

நீயும் மருமகளும் பேத்தியும் நீண்ட ஆயுளோடு, நோய் நொடி இல்லாமல் இருங்கள். கோபத்தோடு எழுதினாலும் இந்த வரியில் கோபம் இல்லை. நீ ஓட்டும் வண்டியின் டயர் தேய்ந்துவிட்டது என்று போன வருடமே சொன்னாய், மாற்றினாயா? காகிதத்தில் மூன்று இடத்தில் பென்சிலால் குறி போட்டிருக்கிறேன். மூன்றிலும் பேனாவால் கையெழுத்திடு. மடித்து எங்கும் செருகி வைக்காதே.

ஆறிய பிறகு அனுப்பலாம் என்று இரண்டு நாள் இதை மேசை மேல் வைத்திருந்தேன். ஆறவில்லை, அதனால் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
அளந்து எழுதிவிட்டு வாய் திறக்காமல் இருந்த
உன் அப்பா