கதவடியில் வைத்த ஆப்பு

இன்று காலை ஒரு கல்லூரிப் பெண் லேசர் கட்டரில் அக்ரிலிக் பலகையை வெட்டிக்கொண்டிருந்தாள். மூடியைக் கொஞ்சம் அவசரப்பட்டுத் திறந்துவிட்டாள். கருகிய பிளாஸ்டிக்கின் அந்தத் தித்திப்பான நெடி கூடம் முழுக்கப் பரவியது. நான் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன். மின்விசிறியை வேகமாக வைத்தேன். "புகை போகட்டும்மா, அப்புறம் எடு" என்று அவளிடம் சொன்னேன். பிறகு கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாந்தியெடுத்தேன்.

உன் ரத்தத்தின் வாடை எனக்கு நினைவில் இல்லை. அன்று இந்த நெடிதான் எல்லாவற்றையும் மூடியிருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது. அதனால் எழுதுகிறேன்.

நான் இந்த நூலகத்துக்குப் படிக்க வந்தவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஒளிய வந்தவள். திருச்சியில் ஒரு பெண் பகலெல்லாம் தனியாக உட்கார்ந்திருக்க எத்தனை இடம் இருக்கிறது? கோயிலில் தெரிந்தவர்கள் வந்து விசாரிப்பார்கள். பஸ் ஸ்டாண்டில் தெரியாதவர்கள் வந்து விசாரிப்பார்கள். இங்கே முன்னால் ஒரு பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டால் போதும். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து, சாயங்காலம் அவன் கடையை மூடும் முன் வீடு திரும்பிவிடுவேன். அவன் என்றால் என் கணவன். பைக் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். வாடிக்கையாளர்களிடம் "சொல்லுங்க சார்" என்று குழைவான். வீட்டுக்கு வந்தால் பேச்சுக்கு முன்னால் கைதான்.

ஒருநாள் தண்ணீர் குடிக்க இரண்டாம் மாடிக்கு ஏறினேன். பொருள்கள் செய்து பழகவென்று புதிதாகத் திறந்திருந்த இந்தக் கூடத்தின் வாசலில், இங்கே வேலை பார்த்த நீ ஒரு த்ரீ-டி பிரிண்டரைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தாய். நூலகத்தில் அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. என்னைப் பார்த்ததும் நிறுத்தினாய். என் கண்ணுக்குக் கீழே கன்றியிருந்ததைப் பார்த்தாய். ஏன், எப்படி என்று கேட்கவில்லை.

"இந்தக் கம்பியைக் கொஞ்சம் புடிங்க. ரெண்டு கை பத்தலை எனக்கு."

பிடித்தேன். மறுநாளும் வந்தேன். சுற்றுப்பலகையில் கம்பியை வைத்துச் சூடு காட்டி ஈயம் பற்றவைக்க உன்னோடு உட்கார்ந்து பழகினேன். நமக்கு ஏறக்குறைய ஒரே வயது. சீக்கிரமே ‘நீங்க’ போய் ‘நீ’ வந்தது, அப்புறம் ‘டீ’ வந்தது. கல்லூரியில் நீ கபடி ஆடியவள். மோவாயில் தழும்பு. காட்டூரில் உன் அம்மாவோடு இருந்தாய். ஞாயிறு பூசைக்குப் போகாததற்கு அம்மா திட்டுவதையும், அதற்கு நீ சொல்லும் பதிலையும் இரண்டு குரலிலும் நடித்துக் காட்டுவாய். எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வரும்.

சட்டையின் கை விலகி என் முழங்கையில் இருந்த காயத்தை நீ பார்த்த அன்றைக்குத்தான் நேராகக் கேட்டாய்.

"வீட்ல உனக்குன்னு ஒரு ரூம் இருக்கா?"

"இருக்கு. தாழ்ப்பாளை உடைச்சுட்டான்."

"கதவு உள்பக்கம் திறக்குமா, வெளிப்பக்கமா?"

"உள்பக்கம்."

"அப்போ ஆப்பு வைக்கலாம்" என்றாய். சொன்ன பிறகு அதன் இன்னொரு அர்த்தம் உனக்கே உறைத்து, மேசையைத் தட்டிச் சிரித்தாய்.

கதவுக்கு அடியில் செருகுகிற முக்கோணக் கட்டை. அதற்குள் ஒரு சிறிய சுவிட்ச், ஒரு பேட்டரி, ஒரு பஸ்ஸர். வெளியிலிருந்து கதவைத் தள்ளினால் கட்டை இறுகிக்கொள்ளும், சுவிட்ச் அழுந்தும், தெருவே கேட்கிற மாதிரி அலறும். படத்தைக் கணினியில் நான்தான் வரைந்தேன். கதவடி இடைவெளியை நூலால் அளந்து கொண்டுவந்தேன். பிரிண்டர் அதை அடுக்கடுக்காக ஊற்றி எழுப்புவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு பொருள் எனக்காக உருவாகி வருவதை வாழ்க்கையில் அதுவரை பார்த்ததில்லை.

முதல் ஆப்பு உடைந்தது. அவன் ஓர் உதைதான் விட்டான். பிளாஸ்டிக் நொறுங்கியது, கதவு திறந்தது. அந்தத் துண்டையே எடுத்து என் புருவத்தைக் கிழித்தான். மறுநாள் தையலோடு வந்த என்னைப் பார்த்ததும் நீ கையிலிருந்த திருப்புளியைச் சுவரில் எறிந்தாய். காரை பெயர்ந்தது. உடைந்த துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய்.

"உள்ள தேன்கூடு மாதிரி காலியா விட்டுட்டேன்டி. பிளாஸ்டிக் மிச்சம் புடிச்சேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

இரண்டாவதை உள்ளே துளி காலி இல்லாமல் கெட்டியாக வார்த்தாய். அடியில் சைக்கிள் டியூப் ரப்பரை ஒட்டினாய். அதை இந்தக் கூடத்தின் ஸ்டோர் ரூம் கதவில் வைத்து, வெளியிலிருந்து தோளால் இடித்து இடித்துச் சோதித்தாய். அலறல் கேட்டுக் கீழேயிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். "ஒண்ணுமில்லைங்க, டெஸ்டிங்" என்றாய். அங்கேயே இருக்கட்டும் என்று அதுபோல இன்னொன்றும் செய்து வைத்தாய்.

அந்தச் சாயங்காலம் அவன் குடித்துவிட்டு வந்தபோது நான் அறைக்குள் போய் ஆப்பைச் செருகினேன். அவன் உதைத்தான். நெட்டித் தள்ளினான். கதவு அசையவில்லை. பஸ்ஸர் அலறிய அலறலில் எதிர் வீட்டுக்காரர்கள், மாடி வீட்டுக்காரர்கள் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். "என்னங்க சத்தம்? என்ன பண்றீங்க அந்தப் பொண்ணை?" என்று முதல்முறையாக யாரோ கேட்டார்கள். ஒரு தெருவே அவனைப் பார்த்தது. அந்த அவமானத்தைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. நான் மறுநாளே அவன் வீட்டைவிட்டுக் கிளம்பிப் பெண்கள் விடுதியில் சேர்ந்தேன். அவன் அந்த ஆப்பு எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கத் தொடங்கினான்.

அது ஒரு சனிக்கிழமை. பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகளுக்கு வகுப்பு. அவர்களுடைய பெயர்களை அக்ரிலிக்கில் வெட்ட லேசரை ஓடவிட்டிருந்தாய். நான் மேசையில் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னைச் சூடேற்றிக்கொண்டிருந்தேன். படியேறி வந்தவன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். இன்றுவரை எனக்கு அது விளங்கவில்லை. கொல்ல வந்தவன் செருப்பைக் கழற்றினான்.

"இங்கதான் அந்த ஆப்பெல்லாம் செய்யறாங்களா?" என்று கேட்டான். குரலில் சூடே இல்லை.

"நீங்க யாருங்க?" என்றாய்.

"இவ புருஷன்."

"கிளாஸ் நடக்குது. கீழ உக்காருங்க. முடிச்சுட்டு வந்து பேசறேன்."

துணிப்பையிலிருந்து பெரிய ஸ்பேனரை எடுத்தான். முதல் அடி பிரிண்டரின் மேல் விழுந்தது. கண்ணாடி சிதறியது. பிள்ளைகள் கத்தினார்கள். அடுத்த கணம் என் கூந்தல் அவன் கையில் இருந்தது. முகத்தை மேசையில் மோதினான். வாயில் பல் உடைவது எனக்குச் சத்தமாகவே கேட்டது. அந்தக் குழப்பத்தில் நீ முதலில் செய்தது பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு போனதுதான். "ஸ்டோருக்குள்ள போங்க! ஆப்பைப் போடுங்க! நான் சொல்ற வரைக்கும் திறக்காதீங்க!" என்று கத்தினாய். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகுதான் எங்களிடம் வந்தாய்.

பின்னாலிருந்து தாழக் குனிந்து வந்து அவன் கணுக்காலைக் கட்டிப் பிடித்தாய். கபடிப் பிடி. அவன் என்னை விட்டுவிட்டுத் தடாலென்று விழுந்தான். விழுந்த வேகத்தில் லேசர் கட்டரில் தீப்பிடிக்காமல் காற்று ஊதும் குழாயை இழுத்துவிட்டான். உள்ளே அக்ரிலிக் பற்றிக்கொண்டது. புகை எழும்பியது. அவன் உட்கார்ந்த வாக்கிலேயே உன்னை அடித்தான். தோளில் ஒன்று. தலையில் ஒன்று. நீ பிடியை விடவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு அவன் காலை நெஞ்சோடு அணைத்திருந்தாய். மறுபடியும் தலையில் அடித்தான்.

நான் சால்டரிங் அயர்னை எடுத்தேன். அவன் கழுத்தில் அழுத்தினேன். தோல் பொரிந்தது. அவன் ஊளையிட்டான். அந்த ஊளை எனக்குப் பிடித்திருந்தது. உன்னிடம் அதை மறைக்க என்ன இருக்கிறது? இன்னும் அழுத்தினேன். ஸ்பேனர் கீழே விழுந்தது. அவன் துள்ளியதில் முதுகு ஸ்டோர் கதவில் மோத, உள்ளே ஆப்பு அலறத் தொடங்கியது. படிப்பறையிலிருந்து ஆண்கள் திமுதிமுவென்று ஏறிவந்து அவனை அமுக்கினார்கள்.

நீ எழுந்து நின்றாய். முகத்தில் பாதி சிவப்பாக இருந்தது. என்னைப் பார்த்து, "மெயினை ஆஃப் பண்ணுடி, மெஷின் எரியுது, பார்த்துட்டு நிக்கிற!" என்று கத்தினாய். அணைத்தேன். ஸ்டோர் கதவைத் தட்டி, "வாங்க தங்கங்களா, முடிஞ்சிருச்சு" என்று பிள்ளைகளை வெளியே அழைத்தாய். அவர்கள் பார்த்துவிடக் கூடாது என்று துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு நடந்தே கீழே இறங்கினாய்.

ஆம்புலன்ஸில் உன் கையைப் பிடித்திருந்தேன். "பிரிண்டர் போச்சு. புதுசு கேட்டா தர மாட்டானுங்க. நான் விட மாட்டேன்" என்றாய். பிறகு தலை வலிக்கிறது என்றாய். பிறகு பேச்சு குழறியது. ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோது உன் கண் பாதி திறந்தபடி இருந்தது, பார்வை இல்லை. மண்டைக்குள் ரத்தம் கசிந்து மூளையை நசுக்கிவிட்டதாகப் பின்னால் டாக்டர் சொன்னார். சில நாட்கள் இயந்திரம் உனக்காக மூச்சுவிட்டது. பிறகு அதையும் எடுத்துவிட்டார்கள்.

உன் அம்மா வராந்தாவில் என்னைக் கண்டதும் எழுந்து வந்து கன்னத்தில் அறைந்தார். உடைந்த பல்லின் மேலேயே விழுந்தது. "உன்னாலதான்டி. உன் வீட்டுச் சண்டையை எதுக்குடி என் பிள்ளைகிட்ட கொண்டுவந்த?" அவர் மறுபடி அறைந்தார். நர்ஸ் வந்து அவரைப் பிடித்துக்கொண்டு போனார்.

வழக்கு நடந்த காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவன் தம்பி கொள்ளிடம் பாலத்தில் பைக்கால் வழிமறித்து, "சாட்சி சொன்னா ஆத்துலதான் தேடணும்" என்றான். மணப்பாறையிலிருந்து என் அப்பா வந்து, "போனவ போயிட்டா. நீ ஏம்மா கோர்ட்டு வாசல்ல நிக்கணும்?" என்று அழுதார். கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். நூலகத்துக்கு இந்த வம்பு வேண்டாம் என்று ஓர் அதிகாரி சொன்னார். அன்றைக்கு ஸ்டோரில் இருந்த பிள்ளைகளின் அம்மாக்கள் திரண்டு போய் அவர் மேசைக்கு முன்னால் நின்ற பிறகுதான் பூட்டு திறந்தது. என்னையும் உதவியாளராக வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள்.

சாட்சிக்கு முதல் நாள் உன் அம்மா விடுதிக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"உன்னை எனக்குப் பிடிக்கலை. பிடிக்கவும் பிடிக்காது. ஆனா நாளைக்குப் போகாம இருந்துடாதே."

"போவேன்மா."

"பயந்துட்டு மாத்திச் சொல்லிடாதே."

"மாட்டேன்."

கோர்ட்டில் அவனுடைய வக்கீல் கேட்டார்: "என் கட்சிக்காரர் கழுத்தில் சூடு வைத்தது யார்?" "நான்தான்" என்றேன். "எவ்வளவு நேரம்?" "அவன் ஸ்பேனரை விடற வரைக்கும்." கூண்டில் நின்றவன் கழுத்தைத் தடவிக்கொண்டதைப் பார்த்தேன். ஆயுள் தண்டனை என்று நீதிபதி படித்தபோது எனக்கு நிம்மதி வரவில்லை. எழுந்து போய் இன்னொரு முறை சூடு வைக்கத்தான் தோன்றியது. காலம் ஆற்றும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை.

போன மாதம் உனக்கு நினைவுத் திருப்பலி. என்னை யாரும் அழைக்கவில்லை. போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஃபாதர் நல்லவர், உன்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர். பிரசங்கத்தில் கண் கலங்க, "தோழிக்காகத் தன் உயிரையே கொடுத்த மகள்" என்றார். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். இதை நான் ஊர் முழுக்கக் கேட்டிருக்கிறேன். சுவரொட்டியில் அப்படித்தான் அச்சிட்டார்கள். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் உன் உயிரை வாங்கி என் மடியில் வைத்தாற்போல இருக்கும்.

முன்வரிசையில் உன் அம்மா எழுந்து நின்றார்.

"ஃபாதர், மன்னிச்சுக்குங்க. அவ கொடுக்கலை."



"எம் பிள்ளைக்கு அவ உயிர் வேண்டியிருந்துச்சு. அவ அதைக் கொடுக்கறதுக்கு அங்க போகலை, வேலைக்குப் போனா. சாயங்காலம் வந்து மீன்குழம்பு சாப்பிடறேன்னு சொல்லிட்டுப் போனா. அந்தப் பாவிதான் அடிச்சுப் பறிச்சான். கொடுத்தா, கொடுத்தான்னு சொல்லி அவனை விட்டுட்டு, அந்தப் பொண்ணைப் பார்க்காதீங்க."

உட்கார்ந்துவிட்டார். ஃபாதர் அவரைப் பார்த்துத் தலைகுனிந்தார். பிறகு, "பறிக்கப்பட்ட நம் மகளுக்காக" என்று ஜெபத்தைத் தொடர்ந்தார். பூசை முடிந்து வெளியே வந்தபோது உன் அம்மா என்னைத் தாண்டித்தான் நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

‘அடிச்சுப் பறிச்சான்’ என்று அவர் சொன்னதை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். கூடத்துக்கு வருகிறவர்கள் சுவரில் உன் படத்தைப் பார்த்து, "இவங்க யாருங்க?" என்று கேட்பார்கள். "இங்க வேலை பார்த்தவங்க. ஒருத்தன் அடிச்சுக் கொன்னுட்டான்" என்று சொல்கிறேன். சிலர் முகம் சுளிப்பார்கள். பிள்ளைகள் இருக்கிற இடத்தில் இப்படியா பேசுவது என்று ஓர் அம்மா கேட்டார். பிள்ளைகள் இருந்த இடத்தில்தான் நடந்தது என்று சொல்லிவிட்டு, குரலைத் தணிக்காமல் முதலிலிருந்து சொன்னேன்.