கழுவாத பாறை

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போன் போட்டால் நீ எடுப்பதில்லை. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. பெரியவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். சின்னவள்தான் யாராவது கதவைத் தட்டினால் அப்பா என்று ஓடுகிறாள். நீ போன சுரங்கத்திலும் உனக்குக் கல் உதிராமல் பாறைமேல் பூச்சு அடிக்கிற வேலைதான் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

பாறை விழுந்த அன்று உன் மாமா போட்டிருந்த துணிகளைப் போன வாரம்தான் ஆபீசில் கொடுத்தார்கள். பெல்ட்டில் அந்த வெள்ளைப் பூச்சு ஒரு துண்டு சிக்கியிருந்தது. இழுத்தால் ரப்பர் மாதிரி நீள்கிறது, கிழியவில்லை. பின்பக்கம் முழுக்க மாவு மாதிரி தூசி. ஒரு கல் துணுக்குகூட ஒட்டியிருக்கவில்லை.

எனக்குப் படிப்பு கிடையாது. ஆனால் இது தெரியும். சாப்பிட உட்கார்ந்தால் மாமா இதைத்தானே பேசுவார். பாறையைக் கழுவிவிட்டு அடித்தால் பூச்சு தோல் மாதிரி பிடித்துக்கொள்ளும், கல் அசைந்தால் தொப்பை மாதிரி உப்பிக் காட்டும், ஓடி வந்துவிடலாம் என்பார். கழுவாமல் அடித்தால் பூச்சு தூசியோடு கழன்று, கல் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிடும் என்பார். "டேய் மாப்ளே, நீ குளிக்காட்டியும் பரவால்ல, பாறையக் குளிப்பாட்டிடு" என்று உன்னைக் கிண்டல் செய்வார். நீயும் சிரிப்பாய்.

மாமாவை எடுத்த அன்று என் காலைக் கட்டிக்கொண்டு, "மோட்டார் ஓடலக்கா, தண்ணி வரல, மேஸ்திரி சும்மா அடிச்சுட்டுப் போடான்னாரு" என்று அழுதாய். அப்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விடிந்து பார்த்தால் நீ இல்லை.

துண்டைக் கொண்டுபோய் இன்ஜினியரிடம் காட்டினேன். கழுவாமல் ஒருநாளும் அடித்ததில்லை என்று மேஸ்திரி என் முகத்தைப் பார்த்தே சொன்னார். இன்ஜினியர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உள்ள எல்லாம் ஒரே வெள்ளையா இருக்கும்மா. தட்டிப் பாத்தும் தெரியல. எந்த இடம்னு சொல்லுங்க, உரிச்சுடறேன்" என்றார். நான் எதைச் சொல்ல? அன்று குழாயைப் பிடித்தவன் நீ.

அன்றிலிருந்து மூடி வைத்திருந்த அந்தச் சுரங்கப் பாதையைத் திங்கட்கிழமை மறுபடி திறக்கிறார்கள். முதல் ஷிப்டு எதிர்வீட்டு அண்ணன். மாமாவைத் தோளில் தூக்கி வந்தாரே, அவர்தான். போகாதீர்கள் என்றேன். "நான் போகலன்னா இன்னொருத்தன் போவான் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எந்த இடம் என்று நீ சொன்னால் உனக்கு வேலை போகும், கேஸ் வரும். அது தெரியாமல் நான் கேட்கவில்லை. உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. பொய்யாக எழுத மனசில்லை.

அங்கேயும் தண்ணீர் வரவில்லை என்றால் குழாயைக் கீழே வை. எவன் கத்தினாலும் வை.

சுரங்கச் சுவரில் இடத்துக்கு இடம் எண் போட்டிருப்பார்களாமே, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரைக்கும் கழுவாமல் அடித்தாய்? ஞாயிற்றுக்கிழமை முழுக்க போன் பக்கத்திலேயே இருப்பேன். நான் ஒன்றும் கேட்க மாட்டேன். நீயும் பேச வேண்டாம். அந்த இரண்டு எண்ணைச் சொல்லிவிட்டு வைத்துவிடு.

நீ உயிரோடு இருடா.

உன் அக்கா